பவுசரின் மரண அறிவித்தல்

கிராமசபைத் தலைவர் அம்பலவாணருக்குத் தன் பெயர் கரும்பலகையில் வந்தால் பிடிக்கும். தன் காரியம் வந்தால் பிடிக்காது. புளியங்கூடல் வாசிகசாலைப் பலகையில் ஊர்ச் செய்தி எழுதும் சறோஜினிதேவிக்கோ காரியம்தான் வேண்டும். வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் சபையின் பவுசர் வண்டி ஒரு கிழமையாக ஊருக்கு வரவில்லை, தலைவரின் புகையிலைத் தோட்டத்துக்குத்தான் போகிறது என்று எழுதினாள். மத்தியானமே தலைவர் வந்து தன் கையாலேயே அழித்தார்.

"இனி என்னைக் கேளாமல் ஒண்டும் எழுதப்படாது. எழுதினால் வாசிகசாலைக்குப் பூட்டு."

"செத்தவீட்டு அறிவித்தலுமோ, அண்ணை?"

"சாவுக்கு ஆர் பிள்ளை உத்தரவு கேக்கிறது? அதை எழுதும்."

கொழும்பில் பத்திரிகைகளுக்கே தணிக்கை போட்டிருந்த காலம். ஊருக்கு மிஞ்சியிருந்த வாய் இந்தப் பலகை ஒன்றுதான். அதையும் பூட்டிவிட்டால், குடம் காய்ந்து கிடப்பதைக்கூட ஆளுக்கு ஆள் காதுக்குள்தான் சொல்லவேண்டும். சறோஜினிதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை பலகையில் இப்படி இருந்தது:

"மரண அறிவித்தல். ஊர்காவற்றுறையைப் பிறப்பிடமாகவும், தலைவரின் புகையிலைத் தோட்டத்தை வதிவிடமாகவும் கொண்ட தண்ணீர் பவுசர் அவர்கள் காலமானார். அன்னார் வெறுங்குடங்களின் பாசமிகு தாயார். ஈமக்கிரியைகள் இன்று பின்னேரம் தலைவர் இல்லத்தில் நடைபெறும். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் ஏற்றுக்கொள்ளவும்."

செத்தவீடு என்றால் பகையாளியும் போகத்தான் வேண்டும். பின்னேரம் பெண்கள் வெறுங்குடங்களோடு தலைவர் வீட்டுப் படலை வாசலில் கூடிவிட்டார்கள். அன்னமுத்து தலையை விரித்துப்போட்டு ஒப்பாரியே வைத்தாள்.

"என்ரை ராசாத்தி, ஒரு வாய் தண்ணி தராமல் போனியேடி!"

ஆண்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வேலியோரம் நின்றார்கள். சிரிப்பை அடக்க அவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது.

தலைவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்து வந்தார்.

"ஆர் செத்தது? முழுப் பொய்! பவுசர் என்ரை தோட்டத்திலை கல்லுக்குண்டு மாதிரி நிக்குது!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. ஒப்பாரி சட்டென்று நின்றது.

"உயிரோடை இருக்கோ? அப்ப கூட்டிக்கொண்டு வாருங்கோ அண்ணை, முகத்தைப் பாப்பம்," என்றாள் அன்னமுத்து.

பொழுதுபடமுன் பவுசர் ஊருக்குள் வந்தது.

அடுத்த நாள் சறோஜினிதேவி ஒருவரையும் கேட்கவில்லை. "தலைவரின் தோட்டத்தில் நின்ற பவுசர் நேற்று ஊருக்கு வந்தது" என்று பச்சையாகவே எழுதினாள். பயமில்லை என்று சொன்னால் பொய். தலைவர் கையில் பூட்டோடு வந்தார். வாசிகசாலை வாசலை அடைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். ஒருத்தியும் வழிவிடவில்லை.

தலைவர் பூட்டை மடிக்குள் சொருகினார்.

"எழுத்து நல்ல வடிவாயிருக்கு, பிள்ளை," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.