நிரந்தரக் கணக்கு டீச்சர்

கூட்டம் பத்தாம் வகுப்பு அறையில் நடந்தது. மேசைக்குப் பின்னால் தலைமையாசிரியர் சற்குணம். முதல் பெஞ்சில், முட்டி இடிக்க, பெற்றோர் சங்கத் தலைவர் வன்னியபெருமாள். சாலைக் கடைத்தெருவில் பருப்பு மொத்தக் கடை வைத்திருப்பவர். கதவோரம் மாடம்மாள், கட்டட வேலைக்குப் போகிற வழியில் வந்தவள், சோற்றுத்தூக்கு மடியில். ஜன்னலோரப் பெஞ்சில் அஜிதா. பல வருஷமாக அதே அறையில் தமிழில் கணக்கு நடத்தும் தற்காலிக டீச்சர்.

பேச வேண்டியது ஒன்றுதான். மலையாளப் பள்ளிக்கூடத்தின் தமிழ்ப் பிரிவில் கணக்கு டீச்சர் இடம் காலி, தமிழ் தெரிந்தவரைப் பி.எஸ்.சி. என்கிற தேர்வாணையம் மூலம் நிரந்தரமாக எடுங்கள் என்று கல்வி இலாகாவுக்கு எழுதுவது. போன வருஷம் அறிவியலுக்கு வந்த டீச்சர் தங்கமானவர், தமிழ்தான் தெரியாது. பிள்ளைகள் மலையாளத்தில் கேட்டதைப் பரீட்சையில் தமிழில் எழுதத் திணறின.

"எழுதுங்க டீச்சர்," என்றார் வன்னியபெருமாள். "ஒங்க பேரையும் போட்டுருங்க. நாங்க ஒப்புப் போடுதோம்."

"பேரு போட முடியாது அண்ணாச்சி. பரீட்சை வச்சுத்தான் எடுப்பாங்க."

"எம்மவனையே கணக்குல தேத்திட்டீங்க," என்று மாடம்மாள் சிரித்தாள். "ஒங்களுக்கு என்ன பரீட்சை."

"எனக்கு வயசு தாண்டிட்டு. வேற ஆளுதான் வரும். வந்தா நான் போவணும்."

வன்னியபெருமாள் சற்குணத்தைப் பார்த்தார். "அப்ப வேண்டாம் சாரே. டீச்சரே இருக்கட்டும்னு எழுதுவோம்."

"அப்படியும் எழுதலாம்," என்றார் சற்குணம். "ஒரு வருஷத்துக்கு நீட்டிப்பாங்க. அது போதுமா?"

"அதுக்குப் பொறவு?" மாடம்மாள் கேட்டாள்.

"மறுபடி எழுதணும். நடுவுல தமிழ் தெரியாத ஆளு மாற்றலாகி வந்தா ஒண்ணும் செய்ய முடியாது."

மாடம்மாள் தூக்கை ஒரு தொடையிலிருந்து மறு தொடைக்கு மாற்றினாள். இளையவள் ஏழாம் வகுப்பு. அதை அவள் சொல்லவில்லை; அந்தப் பிள்ளையின் நோட்டைத் திருத்துகிறவள் அஜிதாதான், சொல்ல வேண்டியதில்லை.

அஜிதா காகிதத்தில் மார்ஜின் மடித்தாள். இலாகாவுக்கு மலையாளத்தில் பிசகில்லாமல் எழுதக்கூடியவள் அங்கே அவள்தான். விஷயம் என்ற இடத்துக்கு எதிரே பேனா கொஞ்சம் நின்றது. பிறகு நிற்காமல் எழுதினாள். மற்ற மூவரும் ஒப்புப் போட்டார்கள்.

"எதை எழுதினீங்க?" என்றார் மலையாளம் வாசிக்கத் தெரியாத வன்னியபெருமாள்.

"மொதல்ல பேசினதை, அண்ணாச்சி."

மாடம்மாள் எழுந்து வாசலில் நின்றாள், போகவில்லை.

அஜிதா உறையில் பசை தடவி, ஸ்கேலால் அழுத்தித் தேய்த்தாள். வலியசாலை தபாலாபீசில் பதிவுத் தபாலாக அனுப்பி, ரசீதைச் சற்குணத்திடம் கொடுத்துவிட்டு எட்டாம் வகுப்புக்குப் போனாள்.