சொந்தக் காசில் வெளியான கட்டுரைகள்

பல்கலைக்கழக நூலகர் மூன்று மாதமாக ஒரே கேள்வியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். நம் ஆட்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளை உலகம் இலவசமாகப் படிப்பதற்கு, நம் பல்கலைக்கழகம் பதிப்பகங்களுக்கு எவ்வளவு கட்டுகிறது? சின்னக் கேள்விதான். பதில்தான் மூலைக்கு மூலை சிதறிக் கிடந்தது. படிக்கிறவருக்கு இலவசம் என்றால் எழுதுகிறவர் தலையில் விழும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. கணக்கு மென்பொருளில் இதற்கென்று தலைப்பே கிடையாது. வேதியியல் துறை ‘எழுதுபொருள்’ என்று போட்டிருந்தது. இயற்பியல்காரர்கள் ‘அச்சுச் செலவு’ என்றார்கள். ஒரு புண்ணியவான் ‘பழுதுபார்ப்பு’ என்று எழுதி, கையெழுத்தும் வாங்கியிருந்தார். எதைப் பழுது பார்த்தாரோ, அவருக்கே வெளிச்சம்.

அதுகூடப் பரவாயில்லை. பெரிய பதிப்பகம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் மொத்தமாக ஒரு தொகை போகிறது. அதன் இதழ்களில் நம் ஆட்கள் யார் எழுதினாலும் தனியாகக் காசு தர வேண்டாம். ஆனால் எழுதியவர் நம் ஆள் என்று பதிப்பகத்துக்கு எப்படித் தெரியும்? பல்கலைக்கழக இமெயிலை வைத்துத்தான். அங்கேதான் வந்தது வினை. ஒப்பந்த விரிவுரையாளர்களின் இமெயிலை விடுமுறையில் இரண்டு மாதம் மூடிவிடுவார்கள். ஒப்பந்தம் முடிந்து, புதுப்பிக்கக் காத்திருக்கும் காலம் அது. அந்த நேரம் பார்த்துக் கட்டுரை ஏற்கப்பட்டால் போச்சு. சொந்த இமெயிலோடு வந்து நிற்பவரை யாரோ வழிப்போக்கர் என்று நினைத்து, பதிப்பகம் முழுக் கட்டணத்தையும் கேட்கும். தராவிட்டால் கட்டுரை வராது. கட்டுரை வராவிட்டால் ஒப்பந்தம் கிடையாது. அதனால், பல்கலைக்கழகம் ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்ட ஒன்றுக்கு, அந்தப் பாவப்பட்டவர்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இன்னொரு தரம் கொடுத்தார்கள்.

அப்படி முப்பத்தேழு பேரை நூலகர் தேடிப் பிடித்தார். ஒவ்வொருவரிடமும் ரசீது வாங்கி, அட்டவணையில் ‘சொந்தப் பணம்’ என்று எழுதிச் சேர்த்தார்.

பத்தொன்பதாவது வரிசையில் இருந்தது அவருடைய கூடப்பிறந்த தங்கை. ஏழு வருடமாக ஒப்பந்த விரிவுரையாளர். இரண்டு வருடம் முன்பு ஒரு விடுமுறையில், “அக்கா, காசு கேக்கறாங்களே, என்ன பண்ண?” என்று அவள் போன் செய்தாள். நூலகருக்கு அன்று மண்டை பிளக்கும் தலைவலி. “கட்டிடுடி, அப்புறம் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். அப்புறம் பார்க்கவே இல்லை. தங்கையின் மூன்று மாதச் சம்பளம். ரசீதைப் பார்த்த அன்று நூலகருக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை தங்கை மறுபடி போன் செய்தாள்.

“அக்கா, ரெண்டாவது கட்டுரையும் எடுத்துக்கிட்டாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பணம் கட்டணுமாம். அடுத்த வாரம் ஒப்பந்தக் குழு கூடுது. என் மெயில் மூடிக் கெடக்கு. கையில தம்பிடி இல்ல.”

“கட்டாத. நான் பாத்துக்கறேன்” என்றார் நூலகர்.

மூன்று மணிக்கு நிதி அதிகாரியைப் பார்க்கப் போனார். எந்தக் கோப்பு போனாலும் பாதியாகத் திரும்புவதால் அவருக்கு ‘கத்திரி’ என்று பெயர். அவர் மேசையில் அட்டவணை விரிந்திருந்தது.

“வேலை பிரமாதம் மேடம். இந்த முப்பத்தேழு மட்டும் எதுக்கு? கட்டினது அவங்க. நம்ம செலவே இல்லையே.”

“நாம கட்டினதுக்கே அவங்க திரும்பக் கட்டியிருக்காங்க சார்.”

“அதத்தான் சொல்றேன். நிதிக் குழு முன்னாடி இது போச்சுன்னா, ஆளாளுக்குக் காசத் திருப்பிக் குடுன்னு வாசல்ல நிப்பாங்க.”

“நிக்கட்டுமே சார்” என்றவர், குரலைத் தாழ்த்தினார். “ஒரு உதவி. ஒரே ஒரு இமெயில இன்னைக்கு மட்டும் திறந்து விடணும். என் தங்கச்சியோடது.”

கத்திரி பேனாவை மூடி வைத்தார். “அதுக்கென்ன, ஒரு போன் போட்டா அஞ்சு நிமிஷம். நீங்களும் கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க. முப்பத்தேழையும் எடுத்துட்டு அனுப்புங்க, உடனே போன் போடறேன்.”

நூலகருக்கு ஆசை வந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே வந்தது. மூன்று மாதம் படியேறி இறங்கிய கால் கெஞ்சியது. “பாத்து அனுப்பறேன் சார்” என்று எழுந்து வந்தார்.

தன் அறையில் முப்பத்தேழு வரிசைகளையும் தேர்ந்தெடுத்தார். திரையில் எல்லாம் நீலமாயின. ஒரு விசையைத் தட்டினால் தீர்ந்தது. பதினோராவது ஆள் வண்டியை விற்றுக் கட்டியவர். இருபத்தாறாவது ஆள் ரசீதோடு, “இதயெல்லாம் யாராவது கேப்பாங்கன்னு நினைக்கவே இல்ல மேடம்” என்று எழுதியிருந்தார். நூலகர் விசை மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மணி நாலே முக்கால் ஆயிற்று.

விரலை எடுத்துவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டார்.

“பணம் கட்டற லிங்க் அனுப்பு.”

“மெயில் திறந்துட்டாங்களாக்கா?”

“அனுப்புடி, கேள்வி கேக்காத.”

ஒரு வருடமாக ஒரு பக்கமாகவே மென்று, பல் கட்டுவதற்காகச் சேர்த்த பணம் அது. அட்டை எண்ணை இரண்டு தரம் சரிபார்த்துவிட்டுக் கட்டினார். ரசீது வந்தது. முப்பத்தெட்டாவது வரிசையைத் திறந்து, கட்டியவர் என்ற இடத்தில் ‘நூலகர்’ என்றும், அதற்கடுத்து ‘சொந்தப் பணம்’ என்றும் எழுதினார். கத்திரிக்கு மட்டுமல்ல, நிதிக் குழுவில் உள்ள பதினோரு பேருக்கும் அட்டவணையை அனுப்பினார்.

ஐந்து மணிக்குத் தங்கை அழுகையோடு அழைத்தாள். நூலகர் நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

“பைத்தியமாக்கா உனக்கு? அந்த ஆள் சொன்ன மாதிரி அழிச்சிருந்தா உன் காசு மிஞ்சியிருக்குமே!”

“அழிச்சிருக்கலாம்டி” என்றார் நூலகர், கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே. “அதுல பத்தொன்பதாவது நீ.”