தனுஷன் பெயரில் வந்தவன்

கடைசித் திருகாணி கழல மறுத்தது. வீரய்யா மாமா ஸ்குரூ டிரைவரை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினார். சுதாகரன் சவப்பெட்டியின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கொடுத்தார்கள். அம்மா கேட்கவில்லை. தலைக்கு எண்ணெய் வைக்காமல் பிள்ளையை மண்ணுக்குள் விட மாட்டேன் என்றாள். சுவருக்கு அப்பால், அடுத்த காம்பராவில் கிண்ணத்தோடு காத்திருந்தாள்.

மூடி விலகியது. உள்ளே இருந்தது தம்பி தனுஷன் இல்லை.

ஓர் ஆப்பிரிக்க இளைஞன். இடது புருவத்தை இரண்டாகப் பிரித்த தழும்பு. சுதாகரனுக்கு அந்த முகத்தைத் தெரியும். கேமரூன்காரன், எமானுவேல். வீடியோ கோலில் தம்பியின் தோள்மேல் தாடையை வைத்துச் சிரித்தவன். தம்பி ரஷ்யாவுக்குச் சமையல் வேலை என்று போனான். இறங்கியதும் போர்முனைக்கு அனுப்பிவிட்டார்கள். பதுங்குகுழியில் பாதிப்பேர் ஆப்பிரிக்கர்கள் என்றான். சிலர் சம்பளத்துக்காகச் சொந்த நாட்டு இராணுவத்தை விட்டு வந்தவர்கள், மற்றவர்கள் அவனைப் போல ஏமாந்தவர்கள்.

"இவன் அவங்க ஊரு ஆமில இருந்தவண்ணே. துவக்கு புடிக்கச் சொல்லிக் குடுத்ததே இவன்தான். அகப்பையப் புடிக்கிற மாதிரி புடிக்கிறேன்னு சிரிக்கிறான்," என்று அந்தக் கோலில் தம்பி சொன்னான்.

பிறகு ஒரு நாள் அந்தப் பதுங்குகுழியில் குண்டு விழுந்தது. ஒருவரும் மிஞ்சவில்லை.

மாமா கதவைச் சாத்தினார். "மூடிருவோம் மாப்ள. மொகம் சிதைஞ்சு போச்சுன்னு சொல்லிருவோம். குழியும் வெட்டியாச்சு. அக்கா மனசு ஆறட்டும்."

வெளியே தப்பு அடிக்கும் சத்தம் நின்றிருந்தது. மூடிவிட்டால் அம்மாவுக்குத் தேயிலைக்கு நடுவே விளக்கேற்ற ஓர் இடம் இருக்கும். இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

"இவனோட அம்மா, மாமா. அங்கயும் ஒரு பெட்டி போயிருந்தா?"

"போயிருந்தா? அவங்க தொறந்து பாக்கவா போறாங்க?"

சுதாகரன் கதவைத் திறந்து அம்மாவைக் கூப்பிட்டான்.

அவள் வந்து பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். பிறகு கால்மாடுவரை, வேறு யாராவது இருக்கிறார்களா என்பதுபோல.

"யாருடா இது?"

"தம்பியோட கூட்டாளிம்மா. ஒரே குழியில இருந்தவங்க. மாத்தி அனுப்பிட்டாங்க."

"என் புள்ள?"

"எங்கன்னு தெரியல. விசாரிக்கச் சொல்லணும்."

அவள் அழவில்லை. இவனுக்குத் தாய் இருக்கிறாளா என்று கேட்டாள். இருக்கிறாள் என்றான். கிண்ணத்தில் விரலை நனைத்தாள். நெருங்கிய சுருட்டை முடியில் எண்ணெய் இறங்கவில்லை. விலக்கி விலக்கி வைத்தாள்.

கொழும்பில் வெளிநாட்டு அமைச்சுக்குப் போன் பேசினார்கள். அங்கிருந்தவர்கள் உடலைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். வெட்டிய குழியைச் சும்மா மூடக் கூடாதென்று, ஆட்கள் ஒரு வாழைத்தண்டைக் கிடத்தி மண் தள்ளினார்கள். அம்மா அங்கே போகவில்லை.

மாலையில் பெட்டியை வேனில் ஏற்றினார்கள். சாரதி சிங்களப் பையன். அம்மா அவன் பக்கக் கண்ணாடியைத் தட்டினாள். அவளுக்குத் தெரிந்த சிங்களத்தில், "ஹெமின் யன்ன புதே," என்றாள். மெதுவாகப் போ மகனே என்று அர்த்தம். பூண்டுலோயா டவுன் போகிறவரை வளைவுகள் என்று கையை வளைத்துக் காட்டினாள். அவன் தலையாட்டினான்.

முதல் வளைவில் வேன் வேகம் குறைந்து, பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் அடுத்த வளைவைப் பார்க்கத் தொடங்கினாள்.