திங்கட்கிழமைக் குழி

மூன்றரை அடி ஆழத்தில் பட்ஸியின் கடப்பாரை கல்லில் மோதியது. ஒரே ஒரு 'ணங்'. அவர் அத்துடன் நிறுத்திவிட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுபவர்களுக்காக விஸ்கியும் சாண்ட்விச்சும் கொண்டுவந்திருந்த நோரீனுக்கு அந்தச் சத்தம் புரிந்தது. புதைந்து கிடக்கும் கல்லின் சத்தம் வேறு, பாவிய கல்லின் சத்தம் வேறு. இருபது வருடமாகப் பழைய இடங்களைத் தோண்டி ஆராய்வதுதான் அவள் வேலை.

அவள் அப்பா மோர்ட்டி சனிக்கிழமை காலை பால் கறக்கும் கொட்டகையில் விழுந்து இறந்துபோனார். இன்று திங்கள்; அடக்கம் நாளை. இந்தப் பக்கத்தில் திங்கட்கிழமை யாரும் புதைகுழி திறக்க மாட்டார்கள். திறந்தே ஆகவேண்டுமென்றால் ஞாயிறன்றே அந்த இடத்தில் ஒரு வெட்டு புல்மண்ணைப் புரட்டிப் போட்டுவிட வேண்டும். நேற்றுப் பூசை முடிந்ததும் அவள் தம்பி டெர்மட், அம்மாவின் கல்லறையை ஒட்டி அதைச் செய்திருந்தான். ஆகவே குழி இங்கேதான். இன்று வேறிடத்தில் மண்வெட்டி வைக்க ஊரில் ஒருவரும் வர மாட்டார்கள்.

அம்மாவை அடக்கம் செய்து ஒன்பது வருடம் ஆகிறது. அந்த நாளை நினைத்தால் நோரீனுக்கு இன்னும் கோபம் வரும். துக்கம் கேட்க வந்த ஊருக்கே அப்பா இடக்கையை நீட்டினார். வலது கை கோட்டுப் பையை விட்டு வெளியே வரவில்லை. மணிக்கட்டு சுளுக்கு என்றார்.

"கொஞ்சம் மேல வாங்க, பட்ஸி."

கறுப்பு உடையோடு குழிக்குள் இறங்கி உள்ளங்கையால் மண்ணைத் தள்ளினாள். தட்டைக் கற்கள். தீயில் வெந்து செங்கல் நிறம் ஏறியிருந்தன. கல்லிடுக்கில் கரி. கிள்ளி எடுத்துப் பார்த்தாள். கருகிய ஓட்ஸ், ஒவ்வொரு மணியும் உருக்குலையாமல் இருந்தது.

எண்ணூறு வருடத்துக்கு முன் துறவிகள் இங்கே பண்ணை வைத்திருந்தார்கள் என்று பழைய ஏடு ஒன்று சொல்லியது. அவர்கள் தானியம் உலர்த்திய சூளையைத் தேடி, அம்மா போன பிறகு மூன்று கோடை, அப்பாவின் கீழ்வயலில் ஆறு இடத்தில் தோண்டினாள். கிடைத்தது களிமண். நான்காம் வருடம் தொல்லியல் துறை அனுமதி தரவில்லை. அந்த மூன்று கோடையும் அப்பா தினமும் மாலையில் வயல் வாசல்வரை வருவார். "இன்னிக்கும் களிமண்ணுதானா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

"என்ன, மண்ணு டாக்டரே, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்று கேட்டபடி குனிந்த டெர்மட், கற்களைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

சட்டப்படி வேலையை நிறுத்தித் துறைக்குச் சொல்ல வேண்டும் என்றாள் நோரீன். அவர்கள் வந்து பார்த்து முடிக்கப் பல வாரம் ஆகும்.

"அதுவரைக்கும் அப்பாவை எங்க வைக்கிறது? பால் குளிர வைக்கிற தொட்டியிலயா?"

நோரீன் மறுபடி மண்டியிட்டாள். கல்வரிசை எங்கே போகிறது என்று பார்த்தாள். அது நேராக அம்மாவின் கல்லறைக்கு அடியில் போயிற்று.

பட்ஸி குழிவிளிம்பில் உட்கார்ந்தார். விஸ்கியைத் திறந்தார், குடிக்கவில்லை.

"உங்கம்மாவுக்குத் தோண்டினப்பவும் இதே சத்தம்தான் கேட்டுது. மோர்ட்டிதான் எறங்கிப் பாத்தான், கரிஞ்ச மணி ஒரு பிடி எடுத்துக்கிட்டான். கல்லத் தொடாதீங்க, மேலயே வைங்கன்னான். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னான்."

நோரீன் வலது கையிலிருந்த ஓட்ஸ் மணிகளை மூடிக்கொண்டாள்.

"நான் மூணு வருஷம் கீழ்வயல்ல தோண்டினேனே, பட்ஸி."

"தெரியும். வெட்டின நாலு பேருக்குமே தெரியும்."

"அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா அவள வெளிய எடுத்துருவாங்களேன்னான். சொல்லாமலும் அவனால இருக்க முடியல. அதான் தினம் வயல் வாசல் வரைக்கும் வந்தான்."

நோரீன் இடக்கையால் கைபேசியை எடுத்தாள். துறைத்தலைவரின் பெயரில் கட்டைவிரல் நின்றது. மாலை துக்கம் கேட்க வருவதாகச் சொல்லியிருந்தார். நாளை இதே விளிம்பில் நின்று கீழே பார்ப்பார். டெர்மட் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு ஆழம் போதும்?" என்று கேட்டாள்.

"இது போதும். அவளுக்கும் இவ்வளவுதான்."

"அப்போ கல்லத் தொடாதீங்க. அடியில தழைய அடர்த்தியாப் போடுங்க, ஒண்ணும் தெரியக் கூடாது."

டெர்மட் கை கொடுத்து அவளை மேலே இழுத்தான். அவள் தன் இடக்கையைத்தான் கொடுத்து ஏறினாள். பட்ஸி ஊர் வழக்கப்படி மண்வெட்டியையும் கடப்பாரையையும் குழியின் குறுக்கே சிலுவையாக வைத்தார்.

மாலையில் சவப்பெட்டி வீட்டு முன்னறையில் இருந்தது. ஊரார் வரிசையாக வந்து கைகுலுக்கி, மெல்லிய குரலில் துக்கம் சொல்லி நகர்ந்தார்கள். துறைத்தலைவர் வந்து கையை நீட்டினார். நோரீன் இடக்கையை நீட்டினாள். வலது கை கோட்டுப் பைக்குள் மூடியிருந்தது.

"என்னாச்சு கைக்கு?"

"மணிக்கட்டு சுளுக்கு" என்றாள்.

அவர் நகர்ந்தார். அடுத்து நின்ற பட்ஸி தொப்பியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, தன் இடக்கையை முன்னே நீட்டினார்.