காய்ச்சலுக்கு ஒரு பாட்டு

எத்தனையோ நாள் எஃப்.எம்.முக்குப் போன் போட்டும் இசைவாணிக்கு லைன் கிடைத்ததே இல்லை. அன்று கிடைத்துவிட்டது. அந்தப் பூரிப்பில், "இன்னிக்கு வேலைக்குப் போகலையா?" என்று அறிவிப்பாளர் கேட்டதும், "பட்டாசுக் கம்பெனியில காய்ச்சல்னு பொய் சொல்லி லீவு போட்டிருக்கேன்க்கா" என்று உளறிவிட்டாள்.

அவள் கேட்ட பாட்டு முடிந்தது. அடுத்து ஒலித்த குரலைக் கேட்டதும் அவளுக்கு நிஜமாகவே உடம்பு சுட்டது. கம்பெனி போர்மேன் ஜெயபாண்டி!

"நாரணாபுரத்துல இருந்து பேசுறேன்மா. எங்க கம்பெனிப் பிள்ளை ஒண்ணு காய்ச்சல்ல படுத்திருக்கு. அதுக்கு ஒரு தாலாட்டு போடுங்க. நல்லாத் தூங்கி எந்திரிச்சு, காலையில வேலைக்கு வந்துரட்டும். சீசன் ஆர்டர் மலையாக் கெடக்கு."

மறுநாள் தலையைக் குனிந்தபடி வந்தவளிடம், "காய்ச்சல் எம்புட்டு இருக்கு?" என்றார் ஜெயபாண்டி. லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"நீங்க போட்ட தாலாட்டுலயே விட்டிருச்சு அண்ணாச்சி. ஆமா, உங்களுக்கு மட்டும் எப்படி உடனே லைன் கிடைச்சுச்சு?"

பெண்கள் இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் லேசாக நெளிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"பாட்டு முடியுற வரைக்கும் காத்திருக்கக் கூடாதுத்தா. கடைசிச் சரணத்துலயே நம்பரை அமுக்கிரணும். நான் தினமும் அப்படித்தான்."