கண்ணாடிக்கு வெளியே நின்றவள்

தொற்று வார்டில் இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஒரு ஆள். ஒருத்தி உள்ளே போய், நோயாளியின் கட்டிலருகிலேயே விரலில் குத்தி இரத்தம் எடுத்து, கையடக்கக் கருவியில் போட்டுப் பார்ப்பாள். இன்னொருத்தி கண்ணாடிக்கு வெளியே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருப்பாள். கையுறை கிழிந்தாலோ அங்கி விலகினாலோ மைக்கில் "நில்லு" என்று சொல்ல வேண்டியது அவள் வேலை. வெளியே வந்ததும் எதை முதலில் கழற்றுவது, எப்போது கை கழுவுவது என்று தாளைப் பார்த்து வரி வரியாக வாசித்து, கழற்றக் கை கொடுப்பதும் அவள்தான்.

ஆறு வருடமாக எனக்கு வாசித்தவள் ரேடியோ அக்கா. வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்று வார்டே வைத்த பேர். "உங்க வாயை நம்பித்தான்க்கா என் உயிரே இருக்கு" என்று கிண்டல் செய்வேன். சொன்னது முழுக்க நிஜம்.

ஆறு நாளாக அதே வார்டில், அதே காய்ச்சலோடு கிடக்கிறேன். அடுத்த அறையில் என் மகள், மூன்று வயது. நேற்றிலிருந்து அவளுக்கும் உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. இன்று காலை விரலில் குத்தியபோது அவள் போட்ட சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. முடிவை இன்னும் எனக்குச் சொல்லவில்லை.

தொற்றுத் தடுப்பு அதிகாரி வந்து, நான் கடைசியாக உள்ளே போன நாளின் தாளைக் காட்டினார். பதினான்கு வரி, பதினான்கிலும் ரேடியோ அக்காவின் டிக். "எல்லாம் சரியாத்தானே நடந்திருக்கு. நீங்க வெளியில எங்கயோ வாங்கிட்டு வந்திருக்கீங்கம்மா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வார்டை விட்டால் வீடு, வீட்டை விட்டால் வார்டு என்று கிடப்பவள் எங்கே போய் வாங்குவேன்?

ரேடியோ அக்கா ஊரில் இல்லை. நான் கடைசியாக உள்ளே போனதற்கு மறுநாளே தன் மகளின் பிரசவத்துக்கு லீவில் போய்விட்டாள். போன் போட்டேன்.

"கேள்விப்பட்டேன்டி. ஏதாவது சாப்பிடறியா?"

"அக்கா, அன்னிக்கு அந்தப் பெரியவர் என் கையைப் புடிச்சு இழுத்தாரே. நீங்க பாத்தீங்களா?"

ரேடியோ நின்றுபோனது.

அன்று நான் இரத்தம் எடுத்த நோயாளி அவர்; ஜுர வேகத்தில் என் மணிக்கட்டைப் பற்றி இழுத்தார். குத்திய விரலில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. முகமறைப்பில் ஆவி படிந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மணிக்கட்டில் ஈரம் பட்டது. அந்த உடைக்குள் எப்போதும் ஈரம்தான், வியர்வை என்று விட்டுவிட்டேன். கழுவிக் கழுவி வெடித்துப்போன தோல் வேறு. ஆனால் மைக்கில் குரல் வராதவரை நான் பத்திரம் என்பதுதான் எங்கள் ஏற்பாடு.

"பாத்தேன்" என்றாள் ஒருவழியாக. "கிளவுஸ் இறங்கி மணிக்கட்டு தெரிஞ்சுது. ஒரு செகண்டுதான்டி. சொன்னா ரிப்போர்ட் எழுதணும், விசாரணைன்னு ரெண்டு பேரையும் நிறுத்துவாங்க, என் லீவு போயிடும். மறுநாள் டிக்கெட். தலைப்பிரசவம், நான் இல்லாம எப்படி? ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"அப்புறம் அஞ்சு நாள் என் பொண்ணு என் மேலதான்க்கா படுத்துத் தூங்கினா."

அழுதாள். "நான் மட்டும் நிம்மதியா இருக்கேனா? வந்ததுலேருந்து பேரனை ஒரு தடவைகூடத் தூக்கலடி. வாசப்படியிலயே நின்னு பாத்துட்டு வந்துடறேன். அன்னிக்கு உன் அங்கியை நான்தானே புடிச்சுக் கழட்டினேன்? இருபத்தொரு நாள் முடியட்டும்னு இருக்கேன். இன்னும் ஒம்பது நாள் இருக்கு."

வெட்கக்கேடு, முதலில் எனக்கு அவள்மேல் பரிதாபம்தான் வந்தது. ஆறு வருடப் பழக்கம். பிறகுதான் அந்த இருபத்தொன்று உறைத்தது. தொற்று பட்டிருக்குமோ என்பவர்களைத் தள்ளி வைக்க எங்கள் வார்டில் போடும் கெடு அது. ஒன்றும் ஆகாது என்று நினைத்தவள் எதற்கு நாள் எண்ணுகிறாள்? தன் பேரனுக்காக அன்றைக்கே எண்ண ஆரம்பித்துவிட்டாள். குழந்தையைத் தள்ளிப் படுக்க வை என்று எனக்கு ஒரு போன் போட அவளுக்கு மனசு வரவில்லை.

"உங்க பேரன் நல்லா இருக்கட்டும்க்கா" என்றேன். "என் பொண்ணுக்கும் அந்த நாள் கணக்கைச் சொல்லியிருக்கலாமே?"

அவள் பதில் சொல்வதற்குள் டாக்டர் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று மைக்கை எடுத்தார்.

"குழந்தைக்கும் பாசிட்டிவ்மா."

போனை நான் இன்னும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவளுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.