கைபேசி விரதத் தலைவி

காமயகவுண்டன்பட்டியிலிருந்து தேனிக்குப் படிக்க வந்த மகிமாவைக் கல்லூரியில் அறியாதவர் இல்லை. ‘ஒரு வாரம் போனைக் கீழே வைப்போம்’ என்று அவள் போட்ட ரீலை நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். முதல்வர் பொன்னாடை போர்த்தி, கைபேசி விரத வாரத்துக்கு அவளையே தலைவியாக்கினார்.

விரதம் இருப்பவர்களைப் படம் எடுத்து உடனுக்குடன் போடுவது தலைவியின் பொறுப்பு. அதனால் அவளால் மட்டும் போனைக் கீழே வைக்க முடியவில்லை. சாப்பிடும்போதும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். எதிரே யாரும் உட்காருவதில்லை என்பது அவள் கண்ணில் படவில்லை. சரியாகத் தூங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது.

புதன்கிழமை காலை விடுதியில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லை. எழுந்து என்ன ஆகப்போகிறது என்றிருந்தது. ‘முடியல’ என்று மட்டும் ஸ்டேட்டஸ் போட்டாள். அறுநூறு பேர் பார்த்தார்கள். முப்பது பேர் அழுகிற பொம்மை அனுப்பினார்கள். பொறுப்பாசிரியர், ‘இன்றைய படம் எங்கே?’ என்று கேட்டிருந்தார்.

மறுநாள் மாலை கதவைத் தட்டியவள் ஜாய்ஸ். ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரி. ரீலைக் கிண்டல் செய்தாள் என்று மகிமா அவளை எப்போதோ பிளாக் செய்திருந்தாள்.

“ஏண்டி, ரெண்டு நாளா லேபுக்கு வரல?”

“ஸ்டேட்டஸ் பாக்கலையா?”

“எங்கன பாக்க? நீதான பிளாக் பண்ணிட்ட. மேசை காலியாக் கெடந்துச்சு, வந்தேன். சாப்பிட்டியா?”

மகிமாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஜாய்ஸ் கட்டிலில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை இருவரும் கல்லூரியின் மனநல ஆலோசகர் சகாயராணியைத் தேடிப் போனார்கள். அறை பூட்டியிருந்தது.

“மேடம் விழா மேடைல இருக்காகளாம். வா” என்று ஜாய்ஸ் இழுத்துப் போனாள்.

விரத நிறைவு விழாவுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த சகாயராணியிடம், “மேடம், தலைவிக்கே முடியல” என்றாள்.

அவர் மகிமாவின் முகத்தைப் பார்த்தார். தோரணத்தை அப்படியே போட்டுவிட்டு, மேடைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மகிமா ஒன்றரை மணி நேரம் பேசினாள்.

அதற்குள் விழா தொடங்கிவிட்டது. சிறந்த விரதியாக அவள் பெயரை ஒலிபெருக்கியில் மூன்று முறை அழைத்தார்கள். யாரும் வராததால் வினோத்ராஜ் என்ற மாணவன் கேடயத்தை வாங்கி, செல்ஃபி எடுத்து, அவளை டேக் செய்தான்.

அதற்கு ஆயிரத்து இருநூறு லைக். மகிமா அன்று அதைப் பார்க்கவில்லை. விடுதிக்குத் திரும்பியவள் பத்து மணி நேரம் தூங்கினாள்.